சுண்டுவிரல் மரத்துப்போகிறது, வயலினை விட்டுவிடலாமா?

கேள்வி: வயது 48, பள்ளி ஆசிரியை. ஐந்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் புது சாரிடம் சேர்ந்தேன். உட்காரும் விதம், பிடிக்கும் விதம் எல்லாவற்றையும் மாற்றி, மறுபடி ஆரம்பப் பாடமான சரளி வரிசையிலிருந்து தொடங்கியிருக்கிறார். வீட்டில் செய்யும் அரை மணிப் பயிற்சி இப்போது இரண்டு மணி நேரமாகிவிட்டது. ஒரு மாதமாக இடதுகைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. காலையில் எழும்போதும் அப்படித்தான். வயதாகிவிட்டது, விட்டுவிடு என்கிறார் கணவர். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் அம்மா. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் நீங்கள் சொல்லும் அந்த இரண்டு விரல்களே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன. மோதிர விரலைத் தொட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கத்துப் பாதி மட்டும் மரத்திருந்தால், கோளாறு பெரும்பாலும் விரலில் இல்லை, முழங்கையில்.

முழங்கையின் உள்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அதுதான் அல்னார் நரம்பு. எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகிறது. கையை மடக்கினால் அது இழுபடும். மடக்கியபடியே வெகுநேரம் வைத்திருந்தால் நசுங்கும். வயலினில் உங்கள் இடக்கை முழுநேரமும் மடங்கித்தான் இருக்கிறது. போதாததற்கு, தரையில் சம்மணமிட்டு உட்காரும்போது களைத்துப்போய் முழங்கையைத் தொடையில் ஊன்றிவிடுகிறீர்களா என்று கவனியுங்கள். நம் வாசிப்பில் சுண்டுவிரலுக்கு வேலை குறைவு. அதில் தைலம் தேய்த்துப் பயனில்லை.

வயதைக் குற்றம் சொல்ல மாட்டேன். அரை மணி ஒரேயடியாக இரண்டு மணியானதுதான் என் சந்தேகம். ஆறு வாரத்துக்குப் பழைய அரை மணிக்கே திரும்புங்கள், அதுவும் பதினைந்து பதினைந்து நிமிடமாக. நடுவில் வயலினைக் கீழே வைத்து, கையை நன்றாக நீட்டி, எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். இரவில் ஒரு டவலை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டால் தூக்கத்தில் கை மடங்காது. பாடப் பதிவைக் கேட்கச் செல்போனைக் காதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

இன்னொன்று. இணையத்தில் வரும் வயலின் உடற்பயிற்சிகள் பலவும் நின்றபடி, தாடையில் இடுக்கி வாசிப்பவர்களுக்கானவை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து நம் சங்கீதத்துக்கு வந்த இந்த வாத்தியத்தை, நாம் மார்புக்கும் வலது காலுக்கும் இடையே தாங்கி உட்கார்ந்து வாசிக்கிறோம். பாரம் விழும் இடமே வேறு. உங்கள் பிடியைத் திருத்த வேண்டியவர் உங்கள் சார்தான்.

அவரிடம் சொல்லிவிட்டீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். புது ஆசிரியர், இந்த வயதில் சேர்ந்திருக்கிறோம், சாக்கு சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ என்ற தயக்கம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன், எனக்கு அதுதான் வருத்தம். "சார், பத்து நிமிஷத்தில் சுண்டுவிரல் மரக்குது, கை எப்படி இருக்குன்னு பாருங்க" என்று அடுத்த வகுப்பிலேயே சொல்லுங்கள்.

சர்க்கரையும் நரம்பைப் பாதிக்கும். மெட்ஃபார்மினை வெகுநாள் சாப்பிட்டால் உடலில் வைட்டமின் பி12 குறையலாம். இரண்டையும், தைராய்டையும் இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு தாளை இடக்கை மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் இடுக்கி, மறுகையால் இழுத்துப் பாருங்கள். வலக்கையை விடச் சுலபமாக நழுவினாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதை குழிந்திருந்தாலோ ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது, உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று கை முழுவதும் வலுவிழந்தால், முகம் கோணினால், பேச்சு குழறினால் அது வேறு விஷயம். நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது வயலினையும் கையோடு எடுத்துப் போங்கள். அங்கேயே உட்கார்ந்து ஐந்து நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். முழங்கை எவ்வளவு மடங்குகிறது, எங்கே அழுந்துகிறது என்று அவர் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.