யார் நியமித்தால் என்ன, காரணத்தைச் சொல்லுங்கள்

கேள்வி: நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுப்பது என்ன நியாயம்? மக்கள் ஓட்டுப் போட்டு வந்த அரசே நியமித்துவிட்டுப் போகட்டுமே? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: அரசின் கை ஓங்கியிருந்த காலத்தையும் நாம் பார்த்தாயிற்று. அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று சொன்ன கேசவானந்த பாரதி வழக்கில் அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு எழுதிய ஷெலத், ஹெக்டே, குரோவர் மூன்று பேரையும் தாண்டி, அவர்களுக்கு ஜூனியரான ஏ.என்.ரேயை 1973-ல் தலைமை நீதிபதி ஆக்கினார்கள், அதுவும் தீர்ப்பு வந்த மறுநாளே. நெருக்கடி நிலையில் ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தால் கோர்ட்டுக்குப் போகும் உரிமைகூட அவருக்கு இல்லை என்று நான்கு நீதிபதிகள் சொன்னபோது, அதை ஏற்க முடியாது என்று தனியாக எழுதியவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. 1977-ல் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு அடுத்திருந்த பெக்குக்குப் போனது, கன்னா ராஜினாமா செய்தார். நீங்கள் கேட்பது இதைத்தானா?

இன்னொன்று, நீங்கள் சொல்வது ஹைகோர்ட்டுக்கும் சுப்ரீம் கோர்ட்டுக்கும் மட்டும்தான் பொருந்தும். உங்கள் ஊர் முன்சீப் கோர்ட் நீதிபதி டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வு எழுதி, நேர்முகமும் முடித்து வந்தவர். சின்ன ஊர்களில் காலையில் வரப்புத் தகராறை விசாரிப்பவரும் மதியம் அடிதடி கேஸில் மாஜிஸ்திரேட்டாக உட்காருபவரும் ஒரே ஆள். நிரந்தர நீதிபதியை நியமிக்காததால், வேறு கோர்ட் நீதிபதி இன்சார்ஜாகப் பார்த்துவந்த ஒரு கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல நான் போயிருக்கிறேன். டவாலி மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எழுபது வயதுப் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினார், கூண்டில் ஏறுவதற்குள் அடுத்த வாய்தா தேதியைச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர். நியமனம் தாமதமானால் யார் தலையில் விடிகிறது என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

சரி, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்துக்கு வருவோம். அரசியல் சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது, 1993, 1998 தீர்ப்புகளில் பிறந்தது. ஹைகோர்ட் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் இருவரும் பெயர்களை அனுப்புவார்கள், மாநில அரசின் கருத்தும் உளவுத்துறை அறிக்கையும் சேரும், சுப்ரீம் கோர்ட் கொலீஜியம் முடிவெடுக்கும். மத்திய அரசு ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். மறுபடி அதே பெயர் வந்தால் நியமித்தாக வேண்டும். இதை மாற்ற 2014-ல் நாடாளுமன்றம் நீதிபதிகள் நியமனத்துக்கென்று ஓர் ஆணையம் கொண்டுவந்தது, 2015-ல் 4-க்கு 1 என்று சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று மாறுபட்டு எழுதிய அந்த ஒருவர் செலமேஸ்வர். அந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க அவர் பக்கம்.

அதற்காக அரசைச் சும்மா விட முடியாது. பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார் என்று சென்னை வழக்கறிஞர் ஒருவர் பெயருக்கு ஆட்சேபம் வந்தது. அது தகுதிக்குறைவு ஆகாது என்று காரணத்தை எழுதி, 2023 ஜனவரியில் கொலீஜியம் அவர் பெயரை மறுபடி அனுப்பியது. அப்படி மறுபடி வந்தால் 3, 4 வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று 2021-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. மாதக்கணக்காகியும் நியமன உத்தரவு வரவில்லை. என்றாலும், அன்றைக்குக் காரணத்தை எழுதி வெளியிட்டதால்தான் உங்களுக்கும் எனக்கும் அந்த ஆட்சேபம் என்னவென்றே தெரியும்.

எல்லாப் பெயர்களுக்கும் அப்படி இல்லை. 2017 அக்டோபரிலிருந்து தீர்மானங்களை இணையத்தில் போடுகிறார்கள், ஆனால் ஒருவரை ஏன் எடுத்தோம், இன்னொருவரை ஏன் விட்டோம் என்று பல தீர்மானங்களில் ஒரு வரிகூட இருக்காது. முன்சீப் தேர்வு எழுதிய இளம்பெண்ணுக்குத் தன் மார்க் தெரிகிறது. ஹைகோர்ட்டுக்குப் போன தன் பெயர் எந்த மேஜையில், எதற்காக நின்றது என்று இருபது வருஷம் பிராக்டீஸ் செய்தவருக்குத் தெரிவதில்லை. அரசிடமும் கொலீஜியத்திடமும் அதைக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.