வீடியோ கேம் டிசைனர் ஆக ஆசை, வீட்டில் சம்மதமில்லை. இந்த வேலையில் பிழைப்பு உண்டா?

உண்டு. எனக்குச் சில வருஷமாக இதில்தான் சோறு. (தம்பியா தங்கச்சியா தெரியவில்லை. தக்கலைப் பக்கம் பி.இ. இரண்டாம் வருஷம் என்று போட்டிருப்பதால் ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.)

‘ரம்மி கம்பெனியில போய் ஊரான் காசைப் பிடுங்கப் போறியா’ என்று அப்பா கேட்டதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம். அப்பாவுக்கு ரப்பர்தான் எல்லாம். நான் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது அம்மா அக்கம்பக்கத்தில் ‘கம்ப்யூட்டர் கம்பெனி’ என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், “பிள்ளைக்கு சீட்டுக்களி கம்பெனியிலயா வேலை?” என்று விசாரித்தார். (எங்கள் பக்கம் களி என்றால் விளையாட்டு.) அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. இதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஜாதகமும் கொஞ்சம் இடித்தது.

அப்பாவிடம் இதைச் சொல். காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் சட்டமே வந்துவிட்டது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் (போட்டி வைத்து ஆடும் வீடியோ கேம்) பந்தயம் இல்லாத சாதாரண விளையாட்டுகளையும் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீ போகப்போவது இரண்டாவது பக்கம். தடை வந்தபோது வேலை போனவர்கள் என் சிநேகிதர்களிலும் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் வீட்டு வாடகைக்காகத்தான் போனார்கள்.

டிசைனர் என்றால் படம் வரைபவர் என்று நினைத்திருந்தால் இப்போதே மாற்றிக்கொள். படத்துக்கு ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார், புரோகிராம் எழுத புரோகிராமர் இருக்கிறார். ஆடுகிறவர் எங்கே யோசிக்க வேண்டும், எங்கே திணற வேண்டும், எத்தனை நகர்வில் ஜெயிக்க வேண்டும் என்று விதி எழுதுவது நம் வேலை. நான் செய்தது மொபைல் புதிர் விளையாட்டுகள். என் நாளில் பெரும்பகுதி எக்செல்லில்தான் போகும். எந்த லெவலில் எத்தனை பேர் விட்டுவிட்டு ஓடினார்கள் என்று பார், ஒரு எண்ணை மாற்று, மறுபடியும் பார். இதில் சலிப்பு வந்தால் இந்த வேலை ஒத்துவராது. விளையாடப் பிடிப்பவர்கள் எல்லாருக்கும் இது பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

எந்தப் படிப்பு என்று கேட்டிருக்கிறாய். பெங்களூரில் என்.ஐ.டி. (நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்) வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுகலை இருக்கிறது, நல்ல இடம். அது கிடைக்கவில்லையென்றால் கதவு அடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியைச் செய்த ஜப்பான்காரர் குன்பெய் யொகோய் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். 1965-ல் ஜப்பானின் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அது சீட்டுக்கட்டு செய்யும் கம்பெனி. (உன் அப்பாவிடம் இதை மட்டும் சொல்லாதே.) இவருக்குக் கொடுத்த வேலை, சீட்டு அடிக்கும் மெஷின்களைப் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது. சும்மா இருக்கும் நேரத்தில், நீட்டினால் தூரத்திலுள்ள பொருளைக் கவ்வும் ஒரு கை செய்து ஆடிக்கொண்டிருந்தார். முதலாளி யமவுச்சி பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நினைத்தால், அதையே விற்பனைக்குச் செய்யச் சொன்னார். 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்று வந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

பிறகு ஒரு நாள் ரயிலில் யாரோ ஒரு ஆபீஸ்காரர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் 1980-ன் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி. 1989-ல் வந்த கேம் பாயிலும் வேண்டுமென்றே பழைய, மலிவான, வண்ணமில்லாத திரையையே வைத்தார். போட்டிக்கு வந்த சேகா கம்பெனியின் கேம் கியருக்கு வண்ணத்திரை, ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் நாள் முழுக்க ஓடியது. பிள்ளைகளிடம் பேட்டரி வாங்கக் காசு இருக்காது என்று யோசித்தவர்தான் டிசைனர். அவருக்கும் எல்லாம் பலிக்கவில்லை. 1995-ல் வர்ச்சுவல் பாய் என்ற அவருடைய கருவி விற்காமல் படுத்துவிட்டது, அடுத்த வருஷம் கம்பெனியை விட்டார், 1997-ல் சாலை விபத்தில் போய்விட்டார்.

லேப்டாப் நல்லதாக இல்லை என்று புலம்பியிருக்கிறாய். கிளித்தட்டு ஆடியிருப்பாய்தானே? கோட்டில் நிற்பவன் அவன் கோட்டை விட்டு இறங்கக்கூடாது, அவர்களில் ‘கிளி’ என்று ஒருவன் மட்டும் நடுக்கோட்டிலும் ஓடலாம். அந்தக் கிளியை எடுத்துவிட்டு ஒரு ஆட்டம் ஆடிப்பார், சப்பென்று போகும். ஏன் போகிறது என்று ஒரு பக்கம் எழுது. பிறகு இரண்டு கிளி வைத்து ஆடிப்பார், அதையும் எழுது. என்னிடம் வேலை கேட்டு வருபவரிடம் நான் பார்க்க விரும்புவது இந்தப் பக்கங்களைத்தான். கேம் செய்ய உதவும் கோடோ (Godot) என்ற மென்பொருள் இலவசம், அதில் சின்னதாக ஒன்றை முழுசாக முடித்து இட்ச்.ஐஓ (itch.io) என்ற தளத்தில் போடு. பாதியில் நிற்கும் பெரிய கேமைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

இனி, உன்னிடம் யாரும் சொல்லாத விஷயம். உன் பெயர் வராது.

நான் இருந்த கம்பெனி வெளிநாட்டுக்காரருக்குச் செய்துகொடுக்கும் கம்பெனி. லெவல் நம்முடையது, பெயர் அவர்களுடையது. இன்ன விளையாட்டில் வேலை பார்த்தேன் என்று வெளியில் சொல்லக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். ஒருமுறை லீவுக்கு வந்திருந்தபோது நாகர்கோவில் வடசேரியில் மார்த்தாண்டம் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு சேச்சி, மடியில் காய்கறிப் பை, கையில் போன். பார்த்தால் நான் போட்ட லெவல்! வில்லுக்குறி வரைக்கும் நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. எந்த இடத்தில் அவர் யோசிக்க வேண்டும் என்று வைத்தேனோ அங்கே யோசித்தார், எங்கே பிடி கிடைக்க வேண்டுமோ அங்கே கிடைத்தது. ஜெயித்துவிட்டுத் தானாகச் சிரித்துக்கொண்டார். எந்த எக்செல்லும் எனக்கு அதைக் காட்டியதில்லை.

அடுத்த லெவலும் என்னுடையதுதான், ஆனால் மேலிடத்தில் கை வைத்த லெவல். காசு கொடுத்துக் கூடுதல் நகர்வு வாங்க வேண்டும் என்பதற்காக, ஒன்றே ஒன்று குறைவது போலவே நகர்வுகளைக் குறைத்திருந்தார்கள். வேண்டாம் என்று மெயிலே எழுதியிருந்தேன். சேச்சி தோற்றார். மறுபடியும் தோற்றார். என் பக்கம் திரும்பி, “ஒத்த நடை பாக்கி வச்சு தோக்க வைக்கியானுவ பாத்தியா மக்களே, கள்ளக்களி” என்றார். முந்தின லெவலும் நான்தான் சேச்சி என்று சொல்ல முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன்.

‘சம்பளம் வாங்கினாயே, பெயர் எதற்கு’ என்பவர்களுக்கு: சினிமாவில் சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர்கூடக் கடைசியில் ஓடுகிறது. இது புதுச் சண்டையும் இல்லை. அட்டாரி என்ற அமெரிக்க கேம் கம்பெனி டிசைனர் பெயர் போடாது என்பதால் 1979-ல் நாலு பேர் வெளியேறி ஆக்டிவிஷன் என்ற கம்பெனி ஆரம்பித்து, பெட்டியிலேயே பெயர் போட்டார்கள். அட்டாரியிலேயே இருந்த வாரன் ராபினெட் வேறு வழி பார்த்தார். அட்வென்ச்சர் என்ற விளையாட்டில் ஒரு ரகசிய அறை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் புள்ளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால்தான் அந்த அறை திறக்கும். உள்ளே அவர் பெயர். கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு சிறுவன் கண்டுபிடித்துக் கடிதம் போட்ட பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது, அதற்குள் அவர் வேலையை விட்டுப் போயிருந்தார். நானும் அறை வைக்கலாம் என்று யோசித்தேன். இப்போது ஒவ்வொரு மாற்றமும் யார் பெயரில் போனது என்று பதிவாகிவிடும், அடுத்த நாளே பிடித்துவிடுவார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையில் ஒரு இன்டர்வியூவில் நான் ரெண்டு வாக்கியம் பேசியதுமே “நீங்க மலையாளியா?” என்றார்கள். திருவனந்தபுரத்தில் இறங்கினால் ‘பாண்டி’, தமிழரைக் கேலியாக அங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி ஐயா, இன்னும் எங்கள் தமிழுக்குச் சான்றிதழ் காட்ட வேண்டுமா? உன்னிடமும் கேட்பார்கள். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலை வைத்துச் செய்த ‘வெண்பா’ என்ற கேம் 2024-ல் பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருது வாங்கியது. அழிந்துபோன சமையல் குறிப்பை ஆடுகிறவரே சரிசெய்து சமைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. ஊர்ப் பேச்சை மாற்றிக்கொண்டு போகாதே.

வேலைக்கு பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று கிளம்பத்தான் வேண்டும். ஆஃபர் லெட்டர் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதே. பெயர் போடுவது பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால் கேள். ஐ.ஜி.டி.ஏ. என்ற, கேம் செய்பவர்களின் சர்வதேசச் சங்கம் யார் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று வழிகாட்டியே வைத்திருக்கிறது, அதைக் காட்டு. முதல் கம்பெனியில் அநேகமாகத் தரமாட்டார்கள். குறைந்தது, எந்தெந்த லெவல் உன்னுடையது என்று அடுத்த இன்டர்வியூவில் சொல்லிக்கொள்ளவாவது எழுத்தில் அனுமதி வாங்கு. எனக்கு அதுகூட இல்லை.