கேஸ் பில்: 100 யூனிட்டுக்கு 3,175 கிலோவாட் மணியா?

லண்டன் வீட்டு மீட்டரில் 100 தான் ஓடியிருக்கிறது, பில்லில் 3,175 கிலோவாட் மணி போட்டிருக்கிறார்கள் என்கிறீர்கள். மீட்டர் முகப்பைப் பாருங்கள், கன மீட்டரா, கன அடியா?

பழைய கன அடி மீட்டர் என்றால் பில் சரிதான். அதில் ஒரு யூனிட் நூறு கன அடி, 2.83ஆல் பெருக்கினால் கன மீட்டர், அப்புறம் வெப்பநிலை, அழுத்தத்துக்காக 1.02264ஆல் பெருக்கி, பிறகு பில்லிலேயே அச்சிட்டிருக்கும் வெப்ப மதிப்பாலும் (ஒரு கன மீட்டர் கேஸ் எரிந்தால் கிடைக்கும் வெப்பம், மெகாஜூலில்; 39.5 என்று வைத்துக்கொள்வோம்) பெருக்கி, கடைசியில் கிலோவாட் மணியாக மாற்ற 3.6ஆல் வகுக்க வேண்டும்.

கன மீட்டராக இருந்தால் 1,122 தான் வரணும், 2.83ஐத் தேவையில்லாமல் பெருக்கிவிட்டார்கள். மீட்டரை சீரியல் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து கேஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, பழைய பில்களையும் திருத்தச் சொல்லுங்கள்.