வாதாங்கொட்டையைப் பச்சையாகத் தின்றால் விஷமா?

கேள்வி: முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லையில் ஒரு பெரிய நாட்டு வாதுமை மரம், கஜா புயலுக்கும் அசையாமல் நின்றது. கீழே விழும் கொட்டையைப் பிள்ளைகள் கல்லால் உடைத்துப் பச்சையாகவே தின்கிறார்கள். ‘பச்சைப் பாதாமில் சயனைடு இருக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. கொட்டை வாங்க வந்த ஒருவரும் அதையேதான் சொன்னார். அவர் தரும் பொடியைக் கரைத்து அதில் ஊறவைத்தால்தான் விஷம் முறியுமாம், பாக்கெட் 250 ரூபாய். வேண்டாமென்றால் மூட்டை 100 ரூபாய் என்று அவரே எடுத்துக்கொள்வாராம். என்ன செய்யட்டும்?

பதில்: பிள்ளைகள் தின்னட்டும், அம்மா. பொடி வாங்காதீர்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தி வேறு மரத்தைப் பற்றியது. மளிகைக் கடையில் விற்கிற பாதாம் ரோஜாக் குடும்பத்து மரத்தின் கொட்டை. அதிலே கசப்பு வகை ஒன்று உண்டு. அதை மென்றால் சயனைடு உண்டாகும், அது உண்மைதான். உங்கள் கொல்லையில் நிற்பது அந்தக் குடும்பமே இல்லை. கடுக்காய், தான்றி, திருவிடைமருதூர் கோயிலில் தலமரமாக இருக்கிற மருதம், இவற்றின் பங்காளி அது. கொட்டையின் உருவத்தைப் பார்த்து ஜனங்கள் ‘பாதாம்’ என்று கூப்பிட்டுவிட்டார்கள், அந்தப் பெயரால் வந்த குழப்பம் இது. நாட்டு வாதுமைப் பருப்பைப் பச்சையாகவே தின்னலாம். பல தலைமுறையாகத் தின்று வருகிறோம்.

அந்த மனிதரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கொட்டையை உடைத்தால் கிடைக்கிற பருப்பு பெரும்பாலும் ஒரு கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோ பருப்புக்கு ஆயிரம் கொட்டைக்கு மேல் உடைக்க வேண்டும். கூலி கொடுத்து உடைத்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால்தான் இதற்கென்று சந்தை இல்லை. அப்படியிருக்க, விஷம் என்று சொன்ன பொருளையே மூட்டையாகக் கேட்கிறார் என்றால் அவர் பேச்சை எப்படி நம்புவது? பெயரும் ஊரும் அச்சிடாத பொடியைத் தின்கிற பொருளில் கலக்கவே கூடாது. வாங்கியிருந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் கட்டித் தூரப் போடுங்கள்.

இதே மாதிரி ஆட்களை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். 2003-இல் மத்தியத் திட்டக் குழுவின் அறிக்கை காட்டாமணக்கிலிருந்து பயோடீசல் எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஊருக்கும் தரகர்கள் வந்தார்கள். கன்றுக்குக் காசு வாங்கினார்கள், விதையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். விதை காய்த்தபோது ஒருவரும் வரவில்லை. செடி மட்டும் வரப்பிலும் வேலியிலும் தங்கிவிட்டது. உங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து இருக்குமானால் அது வாதுமை மரத்தடியில் இல்லை, அந்த வேலியில்தான் இருக்கிறது.

காட்டாமணக்குக் காய் உருண்டையாக இருக்கும், பழுத்தால் மஞ்சள். உள்ளே ஆமணக்கு விதை போலக் கறுப்பாக, பெரும்பாலும் மூன்று கொட்டை. உடைத்தால் வெள்ளைப் பருப்பு. கசப்பில்லாமல் வேர்க்கடலை போல ருசிப்பதால் பிள்ளைகள் ஒன்றோடு நிறுத்துவதில்லை. சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, பேதி தொடங்கிவிடும். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், அதிலுள்ள நஞ்சில் ஒரு பகுதி சூட்டுக்கு அழியாது. தின்றுவிட்டால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், தின்ற கொட்டையில் மிச்சம் இருந்தால் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். ‘ஏதோ கொட்டை தின்றான்’ என்று மட்டும் சொன்னால் அவர் எதை வைத்து வைத்தியம் பார்ப்பார்? நடச் சொல்லி ஊர் ஊராகக் கூட்டம் போட முடிந்தது. பிள்ளைகள் தின்றால் ஆபத்து என்று பள்ளிச் சுவரில் ஒரு வரி எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. முப்பது வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்த எனக்கு இது இன்னமும் ஆறவில்லை.

சரி, உங்கள் கொட்டைக்கு வருகிறேன். பழுத்துத் தானாக விழுந்ததைக் காலையிலேயே பொறுக்கிவிடுங்கள். வௌவால் கடித்த பழமென்றால் சதையைத் தின்னக் கூடாது. பொறுக்கியதை நன்றாகக் கழுவி வெயிலில் போடுங்கள். மேல்தோல் பழுப்பாகி, கையில் எடுத்தால் லேசாக இருக்கும்வரை காயட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும். உடைக்கும்போது தட்டையாகப் படுக்கவைத்து அடித்தால் பருப்பு நசுங்கும். விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடித்து, அந்த விளிம்பில் அடித்தால் ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வரும். பிள்ளைகளுக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். மேலே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் கொஞ்சம் துவர்க்கும். சுடுநீரில் போட்டு எடுத்தால் கையோடு உரிந்து வரும். வெறும் வாணலியில் இளந்தீயில் வறுத்து, உப்புத்தண்ணீர் தெளித்து ஈரம் வற்றும்வரை பிரட்டினால் ருசி கூடும். அதற்காகத்தான் வறுப்பது. பருப்பில் பாதிக்குக் குறையாமல் எண்ணெய்தான், அதனால் உடைத்து டப்பாவில் போட்டால் சிக்கெடுத்துவிடும். ஓட்டோடு வைத்திருந்து, வேண்டும்போது உடைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு முழுப் பருப்பைக் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து, வாய்க்கால் ஓரத்திலும் குப்பையிலும் நாள்கணக்கில் ஊறிக் கிடந்த கொட்டை வேண்டாம். வெளியே நார், உள்ளே கெட்டி ஓடு, அதற்குள் ஈரம் எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். ஓட்டில் கீறல் விழுந்திருந்தால், பூச்சி துளைத்திருந்தால் போகும். பருப்பில் பச்சை, மஞ்சள், கறுப்பு என்று பூஞ்சை பிடிக்கும். எண்ணெய்க் கொட்டைகளில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960-இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்தது இந்த நஞ்சுதான். இது கல்லீரலைக் கெடுக்கும், வீட்டில் வறுக்கிற சூட்டுக்குப் போகாது. பூஞ்சை பட்ட இடத்தை மட்டும் நறுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கொட்டையில் அது நடக்காது, முழுசாகத் தூக்கிப் போடுங்கள். பார்க்க நன்றாக இருந்தும் வாயில் வைத்ததும் கசந்தாலோ முடைநாற்றம் அடித்தாலோ விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள். காயவைத்தது மழையில் ஒருநாள் நனைந்துவிட்டது என்றால் பரவாயில்லை, அன்றைக்கே எடுத்துத் துடைத்து, மறுநாள் வெயிலில் போட்டுவிடலாம்.

அப்புறம், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் தெரு வேலிகளை ஒருமுறை சுற்றி வாருங்கள். காட்டாமணக்கு இருந்தால் அந்தக் காயைக் கையில் வைத்துக் காட்டி, இதைத் தின்னக் கூடாது என்று சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கையைக் கழுவுங்கள்.