இடுப்பில் ஆபரேஷன், தலைக்குள் காற்று

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. இடுப்பில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள். எழுந்து உட்கார்ந்தாலே மண்டை பிளக்கிறது என்கிறார். சி.டி. ஸ்கேனில் தலைக்குள் காற்று, 'நியூமோசெபலஸ்' என்று எழுதியிருக்கிறது. தலையையும் திறக்க வேண்டிவரும், வேறு மருத்துவமனைக்கு மாற்றுங்கள் என்று ஒருவர் அவசரப்படுத்துகிறார். மாற்றலாமா?

பதில்: யார் அந்த ஒருவர்? வார்டு வாசலில் ஆம்புலன்ஸ் சாவியோடு நிற்பவரா? ஒரு நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அவருக்குக் கமிஷன். சாயங்காலத்துக்குள் இன்னொரு ஸ்கேனும் எடுக்க வைத்துவிடுவார். குலுங்கும் வண்டியில் அப்பாவை ஏற்றாதீர்கள்.

மூளையையும் தண்டுவடத்தையும் ஒரே சவ்வுப் பைதான் மூடியிருக்கிறது. உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம். ஆபரேஷனில் சவ்வு கொஞ்சம் கிழிந்தாலும் திரவம் கசியும், காற்று உள்ளே போய் மேலே ஏறிவிடும். காயத்தில் வைத்த உறிஞ்சு குழாய் பலமாக இழுத்தால் கசிவு இன்னும் கூடும்.

சவ்வு கிழிவது கைதேர்ந்தவர்களுக்கும் நடப்பதுதான். அதைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்காது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது' என்று ஒரே வரி! சர்ஜனிடம் நேராகக் கேளுங்கள்: சவ்வு கிழிந்ததா, தைத்தீர்களா, குழாய் இன்னும் இழுக்கிறதா?

பெரும்பாலும் படுக்கையும் ஆக்ஸிஜனும் போதும். காற்றில் முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன். ஆக்ஸிஜனை நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குறையும், தலைக்குள் இருப்பது அதில் கரைந்து வெளியேறும். சில நாளில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில், காற்று காணாமல் போய்விடும்.

ஒரே ஒரு நிலைமை வேறு. சைக்கிள் டியூப் வால்வு மாதிரி காற்று உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. மூளையை அழுத்துகிறது. ஸ்கேனில் மூளையின் முன்பகுதி இரண்டும் அமுங்கி, நடுவில் பிரிந்து, ஃபியூஜி மலை உச்சி மாதிரித் தெரியும். ஜப்பான் டாக்டர்கள் வைத்த பெயர் அது. ஆனால் படத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் மந்தமாகப் பதில், ஓயாத வாந்தி, வலிப்பு, பேச்சில் குழப்பம் என்றால் அந்த நிமிடமே டியூட்டி டாக்டரை எழுப்புங்கள், நரம்பியல் சர்ஜன் வர வேண்டும். அங்கே அவர் இல்லையென்றால்தான் மாற்றும் பேச்சே. அதையும் உங்கள் டாக்டர் போன் பண்ணிப் பேசி, ஆக்ஸிஜனோடு அனுப்பட்டும். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் உடனே சொல்லுங்கள்.

அப்புறம், டாக்டர் சரி என்று சொல்லும்வரை விமானம் வேண்டாம். மேலே போனால் உள்ளிருக்கும் காற்று விரியும்.

இன்று ராத்திரி முதுகுக் கட்டைத் தொட்டுப் பாருங்கள். தெளிவான நீர் நனைந்து படுக்கை விரிப்புவரை வந்திருந்தால், நர்ஸ் புதுப் பஞ்சு வைப்பதற்கு முன் டாக்டர் அதைப் பார்க்கட்டும்.