சொந்தமாகக் கேர்னல் தொகுக்கலாமா? கிழக்கிலிருந்து சில கேள்விகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலை மூலநிரலிலிருந்து தொகுத்து (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி) நிறுவுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கல்லடி மாணவி: சேர், உபுண்டு லினக்ஸ் தருகிற கேர்னலே நன்றாக ஓடுகிறது. நாமே ஏன் தொகுக்க வேண்டும்?

அன்றாட வேலைக்குத் தேவையில்லை, தங்கச்சி. உபுண்டு கேர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வரும். நீங்கள் தொகுத்ததற்கு நீங்கள்தான் பொறுப்பு. வேகம் கூடும் என்று எண்ணியும் இறங்க வேண்டாம், பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. புதிய வன்பொருளுக்கு டிரைவர் (அதை இயக்கும் நிரல்) வேண்டும், ஒரு திருத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றால் அது நல்ல காரணம். அறியும் ஆவல் அதைவிட நல்ல காரணம். கணினி படிக்கும் பிள்ளைகள் ஒரு தடவையாவது இதைச் செய்துபார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வாழைச்சேனை: அண்ணா, கைத்தொலைபேசி டேட்டாதான் இருக்கிறது. எவ்வளவு செலவாகும்?

கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் வழியாக மூலநிரலின் முழு மாற்ற வரலாற்றையும் இறக்கினால் கிகாபைட் கணக்கில் போய்விடும். கேர்னல் டொட் ஓர்க் தளத்தின் சுருக்கிய டார் கோப்பு ஏறக்குறைய 150 மெகாபைட்தான். 2024 நவம்பரில் வெளியான 6.12 நீண்டகால ஆதரவுள்ள பதிப்பு. அந்த வரிசையில் ஆகப் புதியதை எடுங்கள். ஒருவர் இறக்கிப் பென்டிரைவில் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். கூடவே, அசல்தானா என்று சரிபார்க்க உதவும் கையொப்பக் கோப்பையும் கொடுங்கள். கைமாறி வந்த கோப்பைச் சரிபார்க்காமல் தொகுக்கக் கூடாது.

சம்மாந்துறை: என்னுடையது 4 கிகாபைட் ரெம் உள்ள பழைய மடிக்கணினி. தாங்குமா சேர்?

தாங்கும், ஆனால் உபுண்டுவின் கொன்பிக்கை (எதையெல்லாம் தொகுக்க வேண்டும் என்ற அமைப்புக் கோப்பை) அப்படியே எடுத்தால் தாங்காது. உலகத்திலுள்ள வன்பொருள்களுக்கெல்லாம் சேர்த்து ஆயிரக்கணக்கான மொடியூல்களை (தேவைப்படும்போது கேர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டுகளை) அது தொகுக்கும். டெர்மினலில் 'மேக் லோக்கல்மொட்கொன்பிக்' என்று கட்டளை கொடுங்கள். இப்போது நினைவகத்தில் ஏறியிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது நீக்கிவிடும்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த நேரத்தில் செருகாத கருவிக்குப் புதிய கேர்னலில் டிரைவர் இருக்காது. ஆகவே அந்தக் கட்டளைக்கு முன்பே பென்டிரைவைச் செருகித் திறவுங்கள், பிரிண்டரை இணையுங்கள், புளூடூத்தைப் போடுங்கள். யூஎஸ்பி வயரில் தொலைபேசி இணையம் எடுப்பவர்கள் அதையும் ஒரு தரம் ஓடவிடுங்கள்; மறந்தால் புதிய கேர்னலில் இணையமே இல்லாமல் நிற்பீர்கள்.

அடுத்து 'மேக் மெனுகொன்பிக்' கொடுத்து அமைப்பு மெனுவைத் திறந்து பிழைதிருத்தத் தகவலை நிறுத்துங்கள். அது இருந்தால் வட்டில் 20 கிகாபைட்டுக்கு மேலும் போகலாம்; கடைசி இணைப்புக் கட்டத்தில் ரெமும் போதாமற்போகும். பிறகு தொகுக்க 'மேக் -ஜே2' (ஒரே நேரத்தில் இரண்டு வேலை) போதும். கச்சான் காற்று வீசும் வெக்கையான மாதங்களில் செயலியின் எல்லாக் கோர்களையும் முடுக்காமல், மடிக்கணினியை மேசையில் வைத்து இரவில் ஓடவிடுங்கள்.

அக்கரைப்பற்று: நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்தா?

இல்லை. அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். விசித்திரமான பிழை வந்தால், கரண்ட் போன கணத்தில் எழுதப்பட்ட கோப்பு பாதியில் நின்றிருக்கும். பிழையில் பெயர் வரும் அந்த ஒப்ஜெக்ட் கோப்பை (ஏற்கெனவே தொகுத்த துண்டை) அழித்துவிட்டுத் தொடருங்கள்.

ஏறாவூர்: தொடங்கியதுமே 'கனோனிக்கல் சான்றிதழ் கோப்பு இல்லை' என்று நிற்கிறது.

உபுண்டுவின் கொன்பிக் அவர்களுடைய சான்றிதழைத் தேடுகிறது. மெனுவின் கிரிப்டோகிராபிப் பகுதியில் நம்பகச் சாவி, விலக்கிய சாவி இரண்டுக்குமான கோப்புப் பெயர்களை வெறுமையாக்குங்கள்.

கல்முனை: நிறுவி மறுதொடக்கம் செய்தேன். ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று கேர்னல் பேனிக் பிழை காட்டி நின்றுவிட்டது. எல்லாம் போய்விட்டதா அண்ணா?

ஒன்றும் போகவில்லை, தம்பி, பயப்படாதீர்கள். கணினி தொடங்கும்போது எந்தக் கேர்னல் ஏற வேண்டும் என்று தெரிவுசெய்யும் கிரப் மெனுவில் மேலதிகத் தெரிவுகளுக்குள் சென்று பழைய கேர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதனால்தான் புதியது சில வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதை அழிக்கவே வேண்டாம் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

காரணம் பெரும்பாலும் இனிட்ராம்எப்எஸ் (தொடக்கத்தில் கேர்னலுடன் ஏறும், வட்டு டிரைவர் போன்றவை அடங்கிய சிறு படிமம்) சரியாக உருவாகாததுதான். 'மேக் மொடியூல்ஸ்_இன்ஸ்டோல்' முதலில், 'மேக் இன்ஸ்டோல்' அடுத்து, இரண்டும் சுடோவுடன் (நிர்வாகி உரிமையுடன்). வரிசை மாறினால் அந்தப் படிமத்துக்குள் வட்டு டிரைவர் போய்ச் சேராது. கேர்னல் கோப்புகள் இருக்கும் பூட் வட்டுப் பகுதி நிரம்பியிருந்தாலும் இதே கதைதான், அதையும் பாருங்கள். சரிசெய்து ஏறியதும் 'யூநேம் -ஆர்' கொடுத்து எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று உறுதிப்படுத்துங்கள்.

காத்தான்குடி: செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமில்லாத கேர்னலைத் தடுக்கும் வசதி) என் கேர்னலை ஏற்க மறுக்கிறது. அணைத்துவிடலாமா?

சோதனைக் கணினி என்றால் அணைக்கலாம். தினமும் பாவிக்கும் கணினி என்றால் சொந்தச் சாவி ஒன்றை உருவாக்கிக் கேர்னலில் கையொப்பமிட்டு, 'மொக்யூட்டில்' என்ற கட்டளை மூலம் அந்தச் சாவியைப் பதியுங்கள். அடுத்த தொடக்கத்தில் வரும் நீலத்திரையில், பதியும்போது கொடுத்த கடவுச்சொல்லை இட வேண்டும்.