சைலன்சர் பஞ்சை எப்போது, எப்படி மாற்றுவது?

காரைக்குடிப் பக்கம் செம்மண் பாதையில் ஓட்டும் ஆஃப்ரோடு பைக்கின் சத்தம் தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது, எஞ்சின் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சைலன்சர் பஞ்சுதான் காரணம். உள்ளே துளை போட்ட குழாய், அதைச் சுற்றிச் சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடி இழைப் பஞ்சு. சூட்டில் அது பொடியாகிப் பறந்துவிடும். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் பஞ்சில் ஆயில் ஊறிக் கட்டிதட்டும்.

முதலில் சைலன்சரின் மூடியைப் பாருங்கள். கம்பெனி சைலன்சர் பலவற்றில் பஞ்சே கிடையாது, தடுப்பறைகள்தான். வெல்டு வைத்து மூடியிருந்தால் அறுக்காதீர்கள்.

ரிவெட் மூடியா? சரி, நன்றாக ஆறிய பின் ரிவெட் தலைகளை டிரில்லால் எடுத்து, ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். நம் ஊர்ச் செம்மண் கண்மாய்த் தண்ணீரோடு சேர்ந்து இடுக்கில் சிமெண்டாக இறுகியிருக்கும். அவசரப்பட்டால் மூடி நெளியும். பழைய பஞ்சை எடுக்கும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம், இல்லாவிட்டால் அன்று முழுக்க அரிப்புதான். குழாயின் துளைகளில் கரி அடைத்திருக்கும். கம்பி பிரஷால் தேய்த்து, டீசலில் கழுவி, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள்.

புதுப் பஞ்சுக்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், கூரையில் வெப்பம் தடுக்கப் போடும் பஞ்சு வேண்டாம். மலிவுதான், ஆனால் சீக்கிரமே கருகிவிடும். சைலன்சருக்கென்றே விற்பதை வாங்குங்கள். குழாயின் மேல் தளர்வாகச் சுற்றினால் பஞ்சு பறக்கும். திணித்தால் சத்தம் அடங்காது. சுற்றிய பஞ்சு பிரியாமல் டேப் ஒட்டி உள்ளே தள்ளி, விளிம்பில் சூடு தாங்கும் சிலிக்கான் தடவி, புது ரிவெட் அடியுங்கள். முதல் ஸ்டார்ட்டில் டேப் எரிந்து கொஞ்சம் புகை வரும், பயப்பட வேண்டாம்.